சாலை விபத்து: இழப்பீடு கருணையன்று, உரிமை

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர்; 4,43,366 பேர் காயமுற்றனர். அடுத்த ஆண்டில் மாண்டோர் தொகை 1.72 லட்சத்தைக் கடந்தது. நாள்தோறும் 460 பேருக்குமேல் சாலையில் உயிர்விடும் நாடு இது.

மாண்டோர் யார் என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இவ்விரு பிரிவினர் மட்டுமே நூற்றுக்கு 64 பேர். விரைவுச் சாலைகளும் மேம்பாலங்களும் காரில் செல்வோரின் நேரத்தை மிச்சப்படுத்தக் கட்டப்படுகின்றன. அவற்றைக் கடக்க வழியின்றி அடிபடுவோர், பேருந்து வராத ஊரிலிருந்து பழைய வண்டியில் வேலைக்குப் போகிறவர்களும் நடையாய் நடக்கிறவர்களுமே.

விபத்து ஒரு குடும்பத்தைத் தாக்குவது ஒரு முறையன்று. சாலையில் உழைப்பாளி வீழ்வது முதல் அடி. அதன் பின்னர் மருத்துவமனை, காவல் நிலையம், காப்பீட்டு நிறுவனம், தீர்ப்பாயம் என்று அலையும் மாதங்களில் விழுவது இரண்டாவது அடி. இந்த இரண்டாவது அடி ஏழைகள்மீது மட்டுமே முழு வலுவுடன் விழுகிறது. சட்டம் அவர்களுக்கு உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால், அந்த உரிமையின் அளவைச் சம்பளச் சீட்டைக் கொண்டு அளக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாத கோடிக்கணக்கான உழைப்பாளர்களின் உயிர் அந்த அளவுகோலில் சிறுத்துப்போகிறது. இதை மாற்றுவது அரசியல் போராட்டம். மாறும் வரையில், கிடைக்கக்கூடியதை முழுமையாகப் பெற்றுத் தருவது உழைக்கும் மக்களின் அமைப்புகளுடைய அன்றாடக் கடமை.

முதல் நாள்களில்

விபத்து நிகழ்ந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது. 108 அல்லது 112 எண்ணை அழைக்கலாம். எந்த வண்டி கிடைத்தாலும் ஏற்றிச் செல்லலாம். உதவி செய்பவரைக் காவல்துறை அலைக்கழிக்கும் என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. ஆனால், 2016-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணையும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134-அ பிரிவும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. உதவியவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

விபத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது 162-ஆம் பிரிவு. அப்பிரிவு 2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திட்டமோ, உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கண்டித்துக் கெடு விதித்த பிறகு, அவ்வாண்டு மே மாதத்தில்தான் அறிவிக்கப்பட்டது. அதன்படி ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரையிலும் ஏழு நாள்கள் வரையிலும் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலேயே ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கிவிட்டது. ஒரு மாநில அரசால் முடிந்தது ஒன்றிய அரசால் மூன்றாண்டுகள் முடியாமல் போனது ஏன் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

உயிர் காக்கும் வேலை நடக்கும்போதே மற்றொருவர் செய்ய வேண்டிய பணிகளும் உண்டு. மோதிய வண்டியின் எண்ணைக் குறிக்க வேண்டும். வண்டிகள் அகற்றப்படும் முன்னர், அவை கிடக்கும் நிலை, சாலையின் அகலம், பள்ளம், விளக்கில்லாத இடம், சக்கரம் தேய்ந்த தடம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். கண்ணால் கண்டவர் இருவரின் பெயரையும் எண்ணையும் வாங்கி வைக்க வேண்டும். அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும். அவற்றைக் கைப்பற்றுமாறு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தகவல் தந்தவருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம். அந்நகலை வாங்கி, வாசித்துப் பார்க்க வேண்டும். மாண்டவர் பேச முடியாது. பிழைத்த ஓட்டுநர் பேசுவார். அதனால் மாண்டவரே குற்றவாளியாக எழுதப்படும் அறிக்கைகள் உண்டு. இழப்பீட்டு வழக்கின் தோல்வி அந்த ஒரு பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. தவறிருந்தால் உடனே காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் எழுத வேண்டும்.

வண்டிக்குக் காப்பீடு உண்டா என்பதையும் அன்றே விசாரிக்க வேண்டும். நாட்டில் பாதிக்குமேற்பட்ட வண்டிகளுக்குக் காப்பீடு இல்லை என்று நாடாளுமன்ற நிதித்துறை நிலைக்குழு 2024-இல் சுட்டிக்காட்டியது. காப்பீடு இல்லாத வண்டி மோதியிருந்தால், உரிமையாளர் போதிய பிணை கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது. பிணை கட்டாவிட்டால் ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். 2018-இல் எல்லா மாநிலங்களும் இதற்கான விதியைச் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வண்டி விடுவிக்கப்படும்போது குடும்பத்தார் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால், பின்னர் பிடித்து நிறுத்த எதுவும் இராது.

காவல்துறையின் கடமை

வழக்கறிஞரைத் தேடிப் பிடித்து வழக்குத் தொடுப்பது குடும்பத்தின் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். 2022 ஏப்ரல் 1 முதல் விதி வேறு. விபத்து நிகழ்ந்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவத்தை அவர்கள் கையில் தர வேண்டும். 50 நாள்களுக்குள் இடைக்கால அறிக்கையும், 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்கலாம். தில்லி உயர் நீதிமன்றத்தில் 2009 முதல் உருவாக்கப்பட்ட நடைமுறை இது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை நாடு முழுவதும் செயல்படுத்த ஆணையிட்டது.

ஆணை காகிதத்தில் இருக்கிறது. காவல் நிலையத்தில் அப்படிவங்களைக் கேட்டால் வியப்போடு பார்க்கும் நிலை பல மாநிலங்களில் மாறவில்லை. ஆகையால், கேட்டுப் பெறுவது தவிர வேறு வழியில்லை. 48 மணி நேர அறிக்கை அனுப்பப்பட்டதா, 90 நாள் அறிக்கை எந்த நிலையில் உள்ளது என்று கிளைத் தோழர் ஒருவர் தேதி குறித்து வைத்துக் கேட்டாலே பாதி வேலை நடக்கும்.

காலக்கெடுவிலும் கவனம் வேண்டும். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனுச் செய்ய ஆறு மாதக் கெடு இருந்தது. ஏழைகள் அதனால் வெளியே தள்ளப்படுகின்றனர் என்று கண்டு, 1994-இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக மோடி அரசு அதை மீண்டும் கொண்டுவந்தது. கால் எலும்பு கூடாத நிலையில் படுத்திருப்பவரும் கணவனை இழந்து சொந்த ஊருக்குத் திரும்பிய பெண்ணும் ஆறு மாதத்தில் நீதிமன்றப் படியேற வேண்டுமாம். கெடு கடந்தது என்ற காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்துள்ளது. இடைக்கால ஆணை இறுதித் தீர்ப்பன்று. இயன்றவரை ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுவதே நல்லது.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. மனுதாரர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம். ஜார்க்கண்டிலிருந்து வந்து திருப்பூரில் அடிபட்டு மாண்ட தொழிலாளியின் மனைவி, தன் மாவட்டத் தலைநகரிலேயே வழக்காடலாம். மராட்டியச் சாலையில் மாண்ட நாமக்கல் லாரி ஓட்டுநரின் குடும்பம் நாமக்கல்லிலேயே வழக்காடலாம். புலம்பெயர் தொழிலாளரிடையே முதலில் பரப்ப வேண்டிய செய்தி இது.

உயிருக்கு எப்படி விலை போடப்படுகிறது

மாண்டவரின் குடும்பத்துக்குரிய இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் 2009-இல் ஒழுங்குபடுத்தியது; ஐந்து நீதிபதிகள் அமர்வு 2017 அக்டோபர் 31 அன்று அதை உறுதிசெய்து விரித்தது. முறை எளிது. ஆண்டு வருமானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்காலத்தில் உயர்ந்திருக்கக்கூடிய வருமானத்துக்காக ஒரு விழுக்காடு சேர்க்க வேண்டும். மாண்டவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய பங்கைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதை அவர் வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 25 வயது வரை 18. 31 முதல் 35 வயது வரை 16. 46 முதல் 50 வரை 13. 65-ஐத் தாண்டினால் 5. ஈமச் செலவு, துணையை இழந்தமை போன்றவற்றுக்குத் தனித்தொகைகள் உண்டு. மனுச் செய்த நாள் முதல் வட்டியும் வழங்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 32 வயதுக் கொத்தனார். மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரைச் சார்ந்தவர்கள். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்த்தால் 2,52,000. நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. பதினாறால் பெருக்கினால் 30,24,000 ரூபாய்.

இதே கொத்தனாரின் வருமானத்துக்குச் சான்றில்லை என்று சொல்லித் தீர்ப்பாயம் மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறது எனில், கிடைப்பது 16,12,800. இழப்பு 14,11,200 ரூபாய். இன்னொரு வகையில் சொன்னால், மாத வருமானத்தில் ஓர் ஆயிரம் ரூபாயை நிறுவ முடியாமற்போனால் அக்குடும்பத்துக்கு 2,01,600 ரூபாய் போய்விடுகிறது.

கணக்கின் உள்ளேயே மற்றொரு வேற்றுமையும் பதுங்கியிருக்கிறது. நாற்பது வயதுக்கு உட்பட்டவர் நிரந்தர ஊழியர் எனில், எதிர்கால உயர்வு 50 விழுக்காடு. சுயதொழில் செய்பவர் அல்லது நிலையான சம்பளம் பெறுபவர் எனில் 40 விழுக்காடு. மேற்சொன்ன கொத்தனாருக்கும் அதே வயதில் அதே 15,000 ரூபாய் பெறும் நிரந்தர ஊழியருக்கும் இதனால் 2,16,000 ரூபாய் வேற்றுமை ஏற்படுகிறது. 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு முன்னர் அமைப்புசாராத் தொழிலாளருக்கு இந்த உயர்வே மறுக்கப்பட்டு வந்தது என்பதை நோக்க, அது ஒரு முன்னேற்றம்தான். ஆயினும், நிரந்தர வேலையை ஒப்பந்த வேலையாக மாற்றும் கொள்கை, உழைப்பாளியின் சம்பளத்தை மட்டுமன்றி, அவர் இறந்த பின் குடும்பம் பெறும் தொகையையும் குறைக்கிறது என்பதே உண்மை.

சான்றில்லா உழைப்பு

சம்பளச் சீட்டு இல்லை என்பதால் வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. இதை உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது. கர்நாடகத்தைச் சேர்ந்த 35 வயதுக் கூலித் தொழிலாளி ஒருவர் தம் மாத வருமானம் 4,500 ரூபாய் என்றார். தீர்ப்பாயம் சான்றில்லை என்று 3,000 ஆக்கியது. கூலி வேலை செய்பவரிடம் ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று கூறி, 2011-இல் உச்ச நீதிமன்றம் 4,500-ஐ ஏற்றது. காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு 2014-இல் மாத வருமானம் 6,500 எனக் கொண்டது. ஆவணம் இல்லாத இடத்தில் குறைந்தபட்சக் கூலி ஓர் அளவுகோல்தான், அதுவே எல்லையாகிவிடாது என்று 2021-இல் தெளிவுபடுத்தியது.

எனவே, கையிலுள்ள எல்லாச் சிறு சான்றுகளையும் சேர்க்க வேண்டும். நலவாரிய அட்டை, தொழிற்சங்கச் சந்தாச் சீட்டு, நூறுநாள் வேலை அட்டை, மேஸ்திரியின் கூலிக் குறிப்பேடு, வங்கிக் கணக்குப் புத்தகம், கைப்பேசி வழியாக வந்த பணத்தின் பதிவு, மகளிர் குழுக் கடனைத் தவறாமல் கட்டிவந்த கணக்கு ஆகிய எல்லாமே உழைப்பின் தடங்கள். உடன் வேலை செய்தவர் தீர்ப்பாயத்தில் வந்து, இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று சாட்சி சொன்னால் அதற்கு மதிப்புண்டு. சங்கம் இருக்குமிடத்தில் அந்தச் சாட்சி வருகிறார். சங்கம் இல்லாத இடத்தில், ஒப்பந்ததாரரைப் பகைத்துக்கொள்ள அஞ்சி எவரும் வருவதில்லை.

காயமுற்றுப் பிழைத்தவர்களின் வழக்கில் மருத்துவச் சான்று அதே இடத்தை வகிக்கிறது. விபத்துப் பதிவேட்டு நகல், சிகிச்சை முடிந்து வெளியேறும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பு, மருந்துக் கடை ரசீது, வாடகை வண்டிச் செலவு ஆகிய அனைத்தையும் மூலப்படியாகப் பாதுகாக்க வேண்டும். மருத்துவக் குழு தரும் ஊனச் சான்றில் எழுதப்படும் விழுக்காடும் உழைப்புத் திறனை இழந்த விழுக்காடும் ஒன்றல்ல. இடக்கை போய்விட்டால் ஊனம் 60 விழுக்காடு என எழுதப்படலாம். ஓட்டுநருக்கும் தச்சருக்கும் அது முழு வருமான இழப்பு. அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமலிருக்கலாம். 2010-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய வேறுபாடு இது. உடலால் உழைப்பவர் தம் வேலை எத்தகையது, அதற்கு எந்த உறுப்பு எவ்வாறு தேவை என்பதைத் தீர்ப்பாயத்தில் விளக்கியாக வேண்டும்.

வேலை நேரத்தில் அடிபடும் ஓட்டுநர், நடத்துநர், சுமைப்பணியாளர் ஆகியோருக்குத் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. தீர்ப்பாய வழியும் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எது கூடுதல் என்று கணக்கிட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். தம் வண்டியைத் தாமே ஓட்டிச் சென்று, வேறு வண்டி மோதாமல் விழுந்து மாண்டவருக்கு மூன்றாம் நபர் காப்பீடு உதவாது. ஆனால், உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் பிறப்பித்த ஆணைக்குப் பின்னர் உயர்த்தப்பட்ட தொகை இது. உணவு கொண்டுசெல்லும் இளைஞர்களில் பலர் அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்காமலே வண்டியைக் கிளப்புகின்றனர்.

‘இல்லத்தரசி’ என்று எழுதும்போது

முதல் தகவல் அறிக்கையிலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் தொழில் என்றொரு கட்டம் உண்டு. நாற்று நட்டும் பீடி சுற்றியும் வீட்டு வேலை செய்தும் சம்பாதித்த பெண்ணுக்கு எதிரே, கேள்வியின்றி ‘இல்லத்தரசி’ என எழுதிவிடுவது வழக்கம். அந்த ஒரு சொல் அவருடைய கூலியை அழித்துவிடுகிறது. குடும்பத்தார் அதைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

இல்லத்தரசியாகவே வாழ்ந்தவரின் உழைப்பும் உழைப்பே. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவன விழாவில் நேர்ந்த தீ விபத்து வழக்கில், 2001-இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் பணியை மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. 2010-இல் நீதிபதி ஏ.கே. கங்குலி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போர், சிறைவாசிகளோடு ஒரே பிரிவில் வைத்ததைக் கடுமையாகச் சாடினார். 2021 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில் நீதிபதி என்.வி. ரமணா, 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 16 கோடிப் பெண்கள் வீட்டு வேலையையே முதன்மைப் பணியாகக் கூறியதைச் சுட்டிக்காட்டினார். 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டுப் பணிக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் கண்டது. அத்தீர்ப்பின்படி, இல்லத்தரசிக்கு வருமானம் மதிப்பிடுவதோடு, எதிர்கால உயர்வையும் சேர்க்க வேண்டும். பெண்ணுழைப்புக்கு மதிப்பு வேண்டும் என்று மாதர் இயக்கம் எழுப்பிய குரல் நீதிமன்றக் கணக்கில் இடம்பெற இத்தனை ஆண்டுகள் ஆயின.

அடையாளம் தெரியாத வண்டி

மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள திட்டத்தின்படி, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் அளிப்பார்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் பிறப்பித்த ஆணை, இத்திட்டத்தின் நிலையை வெளிப்படுத்தியது. 2022-இல் இத்தகைய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்த மனுக்கள் 205. முடிக்கப்பட்டவை 95. திட்டம் இருப்பது பாதிக்கப்பட்டோருக்குத் தெரியவில்லை; தெரிவிக்க வேண்டிய அரசும் தெரிவிக்கவில்லை. வண்டி கண்டுபிடிக்கப்படாத வழக்குகளில் திட்டத்தைப் பற்றிக் குடும்பத்துக்கு எழுத்து மூலம் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

அந்த 2 லட்சத்தின் மதிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேலே போட்ட கணக்கில், கொத்தனாரின் மாத வருமானத்தில் வெறும் ஆயிரம் ரூபாய்க்கு ஈடான தொகை 2,01,600. மோதிய வண்டி பிடிபட்டால் 30 லட்சம் பெறக்கூடிய குடும்பம், பிடிபடாவிட்டால் 2 லட்சத்தோடு திரும்ப வேண்டும். வண்டியைக் கண்டுபிடிக்கத் தவறியது அரசின் காவல்துறை, தண்டனை குடும்பத்துக்கு.

அவசரக் கையெழுத்து

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 164-ஆம் பிரிவின்படி, யார் மீது தவறு என்று மெய்ப்பிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறலாம். தவற்றை மெய்ப்பிக்க வழியே இல்லாதவருக்கு இது உதவி. ஆனால், இத்தொகையைச் சட்டம் சொல்லும் முறையில் பெற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் தொடுத்த மனு செயலிழந்துவிடும். ஈமச் செலவுக்குக் கடன் வாங்கித் தவிக்கும் குடும்பத்தின் முன் காசோலையை நீட்டினால், 5 லட்சம் பெரிதாகத்தான் தெரியும். 30 லட்சத்துக்கு உரியவர் 5 லட்சத்துக்குக் கையெழுத்திட்டுவிடக் கூடாது.

மக்கள் நீதிமன்றச் சமரசமும் அப்படியே. விரைவில் பணம் கிடைக்கும் என்பது உண்மை. அங்கு முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு இல்லை என்பதும் உண்மை. கணக்கைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அது பயன் தரும். தெரியாமல் போகிறவர் காப்பீட்டு நிறுவனம் சொல்லும் தொகைக்குத் தலையசைத்து வருவார். மருத்துவமனை வாசலிலேயே வந்து வக்காலத்துப் படிவம் நீட்டும் தரகர்கள் இன்னொரு பொறி. இழப்பீட்டில் பங்கு கேட்டுக் கட்டணம் பேசுவது வழக்கறிஞர் மன்ற விதிகளுக்கு மாறானது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக் குழுவின் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஏழைகள் நீதிமன்றக் கட்டணத்தால் தடுக்கப்படலாகாது என்ற போராட்டத்துக்கும் வரலாறு உண்டு. அரியானா அரசுப் பேருந்து மோதி மாண்டவரின் மனைவியும் மகளும் கட்டணம் செலுத்த இயலாமல் நின்றபோது, அவர்களுக்கு எதிராக மாநில அரசே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1979-இல் அந்த மேல்முறையீட்டைத் தள்ளி, அரசைக் கண்டித்தவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-இல் கேரளத்தில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராயிருந்தவர் அவர்.

தண்டனை ஓட்டுநருக்கு, இலாபம் யாருக்கு?

விபத்தைப் பற்றி ஆட்சியாளர்கள் பேசும்போதெல்லாம் ஓட்டுநரைத் தண்டிப்பது பற்றியே பேசுகின்றனர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)-ஆம் பிரிவு, மோதிவிட்டுத் தெரிவிக்காமல் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே அப்பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. தப்பியோடுவதை எவரும் ஆதரிக்க இயலாது. ஆனால், பழுதான வடிவமைப்பால் உயிர் போனால் சாலை ஒப்பந்ததாரருக்கு 198-அ பிரிவு விதிக்கும் உச்சபட்சத் தண்டம் ஒரு லட்சம் ரூபாய். மாதச் சம்பளக்காரருக்குப் பத்தாண்டுச் சிறை. கோடிகளில் சுங்கம் வசூலிக்கும் நிறுவனத்துக்கு ஒரு லட்சம். வர்க்க நீதி என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. தூக்கமின்றி இரவெல்லாம் ஓட்டவைக்கும் முதலாளியையும் பத்து நிமிடத்தில் பொருளைச் சேர்க்கச் சொல்லும் செயலி நிறுவனத்தையும் விபத்து வழக்கின் குற்றவாளிக் கூண்டில் காண முடிவதில்லை.

இழப்பீட்டைக் குறைக்கும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. 2016-இல் கொண்டுவந்த திருத்த மசோதா, காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பை உயிரிழப்புக்கு 10 லட்சம், கொடுங்காயத்துக்கு 5 லட்சம் என்று முடக்க முனைந்தது. எதிர்ப்புக்குப் பின் அந்த வரம்பு கைவிடப்பட்டது. 2021-இல் பொதுக் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, அரசுக் காப்பீட்டு நிறுவனங்களில் அரசின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் கீழே போக வழிசெய்யப்பட்டது. காப்பீடு இலாபத் தொழிலாக மட்டும் ஆகும்போது, மாண்டவரின் குடும்பம் அதன் ஏட்டில் ஒரு செலவினமாக மட்டுமே இருக்கும்.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் வந்துசேர்வதில்லை. குஜராத் மாநிலத்தில் மட்டும் தீர்ப்பாயங்களில் 200 கோடி ரூபாய்க்குமேல் உரியவர்களைச் சேராமல் கிடந்தது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மனுதாரரின் வங்கிக் கணக்கு விவரத்தை முதலிலேயே பெறவும், தேடிக் கண்டுபிடித்து வழங்கவும் 2025 ஏப்ரலில் ஆணை பிறந்தது.

வேண்டுவன

ஆறு மாதக் கெடு நீக்கப்பட வேண்டும். வருமானச் சான்று இல்லாத எவருக்கும் அந்தந்தத் தொழிலின் நடப்புக் கூலிக்குக் குறையாமல் வருமானம் கணக்கிடப்பட வேண்டும். நிரந்தர ஊழியர், அமைப்புசாராத் தொழிலாளர் என்ற வேற்றுமை எதிர்கால உயர்வில் கூடாது. 164-ஆம் பிரிவுத் தொகை இடைக்கால உதவியாக மட்டும் இருக்க வேண்டும். அதைப் பெற்றவரின் மனு செயலிழக்கலாகாது. வண்டி கண்டுபிடிக்கப்படாத விபத்துகளில் 2 லட்சம் என்பது விலைவாசியோடு இணைக்கப்பட்டுப் பலமடங்கு உயர்த்தப்பட வேண்டும். 48 மணி நேர அறிக்கையையும் 90 நாள் அறிக்கையையும் அனுப்பாத அதிகாரி பதில் சொல்லும் நிலை வர வேண்டும். சாலை ஒப்பந்ததாரரும் வேலை நேரத்தை மீறவைக்கும் முதலாளியும் இழப்பீட்டில் பங்கேற்கச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

இவை கிடைக்கும் வரை காத்திருக்க முடியாது. இன்று மாலை எங்கோ ஒரு சாலையில் ஒரு தொழிலாளி வீழ்வார். அவருடைய வீட்டுக்கு முதலில் போய்ச் சேர வேண்டியது தரகர் அல்லர், சங்கத்தின் ஆள். மருத்துவமனையில் கட்டணமில்லாச் சிகிச்சையைக் கேட்பதற்கும், முதல் தகவல் அறிக்கையை வாசித்துத் தொழில் கட்டத்தைத் திருத்துவதற்கும், கூலிக் குறிப்பேட்டைத் தேடி எடுப்பதற்கும், ஆறு மாதத்தை நாட்காட்டியில் குறிப்பதற்கும் ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் பொறுப்பேற்கலாம். பெரிய நிதியோ பெரிய படிப்போ இதற்குத் தேவையில்லை. அந்த ஒருவர் இருக்கும் ஊரில், ஒரு குடும்பத்தின் உரிமை 30 லட்சத்திலிருந்து 16 லட்சமாகவோ 5 லட்சமாகவோ எளிதில் சுருங்காது.